மலைக்கு ஒரு கணக்கு



கொழும்பில் வேலை செய்யும் மகள், நுவரெலியாவில் இருக்கும் அம்மாவுக்கு மின்சார ஓவன் ஒன்று வாங்கி அனுப்புகிறாள். அம்மா கேக் கலவையை உள்ளே வைத்து, ‘கேக்’ என்ற பொத்தானை அழுத்துகிறார். கேக் பொங்கி எழுகிறது. சற்று நேரத்தில் நடுவில் குழி விழுந்துவிடுகிறது.

குறை அம்மாவின் கையில் இல்லை. ஓவனிலும் இல்லை. ஊரின் உயரத்தில் இருக்கிறது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு. தண்ணீர்கூட 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். கேக் கலவைக்குள் இருக்கும் வாயுவும் அதிகமாக விரியும். மாவு வெந்து இறுகும் முன்பே கேக் உயர்ந்துவிடும். தாங்க முடியாமல் அமுங்கிவிடும்.

என்ன செய்யலாம்? பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறையுங்கள். ஓரிரு மேசைக்கரண்டி பால் கூட்டுங்கள். ஓவனின் வெப்பத்தைச் சுமார் 10 பாகை உயர்த்தி, நேரத்தைச் சில நிமிடங்கள் குறையுங்கள். சரியாக வந்த கணக்கை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஓவனில் சேமிக்கும் வசதி இருந்தால் அதிலும் பதியுங்கள்.

இப்படிக் கணக்கை மாற்றுவது நமக்குப் புதிதல்ல. நம் தேயிலைத் தொழிற்சாலையைப் பாருங்கள். மழை நாளின் ஈரக் கொழுந்தையும் வெயில் நாளின் கொழுந்தையும், தேயிலை பதப்படுத்தும் டீமேக்கர் ஒரே நேரக் கணக்கில் வாட்டுவதில்லை. கொழுந்தைத் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

இயந்திரம் கணக்குச் சொல்லும். அதை நம் மண்ணுக்குப் பொருத்துவது நம் கைதான்.