கூரைக்கு ஒரு கம்பளி

கண்டி மாநகரின் தென்புறத்தே உயர்ந்து நிற்கும் ஹந்தானை மலையை அறியாதார் இலர். அதன் ஒரு சாரலின் அடியிலே பேராதனைப் பல்கலைக்கழகம் விளங்குகின்றது. மற்றொரு சாரலிலே, 1925ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்று இன்று தேயிலை அரும்பொருட்சாலையாகக் காட்சி தருகின்றது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்திலே தேயிலையைப் பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப் பொருள்களையும் அங்கே காணலாம்.

இத்தகைய தொழிற்சாலைகளின் மேல்மாடங்களிலேதான் கொழுந்தை வாட்டுவது வழக்கம். மழைக்காலத்திலே காற்று ஈரமுற்றுக் குளிர்ந்தால், சூடேற்றிய காற்றை அளந்து செலுத்துவர். கொழுந்துக்கு வேண்டிய வெப்பத்தை இவ்வாறு கணக்கிட்டு வழங்கிய மலைநாட்டிலே, அக்கொழுந்தைக் கொய்த கைகள் இரவில் உறங்கிய இடம் எத்தகையது? பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயத்து அறை. அதன் மேலே நெளி தகரம். இன்றும் பல்லாயிரம் குடும்பங்கள் அத்தகைய அறைகளிலேயே வாழ்கின்றன. எனவே, வீட்டின் வெப்பம் எவ்வழியே வெளியேறுகின்றது, அதனைத் தடுப்பது எவ்வாறு என்னும் வினா நம் மலைநாட்டுக்கு மிக அண்மையானதாகும்.

தகரக் கூரையின் இயல்பை முதலில் நோக்குவோம். உலோகம் வெப்பத்தை எளிதிற் கடத்தும். பகலிலே வெயிலை உண்டு அறையை அடுப்பாக்குகின்ற அதே தகரம், இரவிலே தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீசி, சூழ உள்ள காற்றைக் காட்டிலும் குளிர்ந்துவிடுகின்றது. மேகமற்ற தை மாத இரவுகளில் நுவரெலியாப் புல்வெளிகளிலே உறைபனி படிவதற்கும் இதுவே காரணம். உறங்குவோரின் மூச்சிலுள்ள நீராவி குளிர்ந்த தகரத்திற் பட்டுத் துளியாகிப் படுக்கையில் விழுகின்றது. மழையில்லாத இரவிலும் கூரை ஒழுகுவதன் மருமம் இதுவே.

இதனைக் கணக்கிட்டும் காட்டலாம். உறங்கும் மனிதனின் உடல் ஏறத்தாழ 75 வாட் வெப்பத்தை வெளிவிடுகின்றது. ஓர் அறையில் வளர்ந்தோர் ஐவர் உறங்கினால் அது 375 வாட் ஆகும். உள்ளுக்கும் வெளிக்கும் ஐந்து பாகை சென்றிகிரேட்டு வேறுபாடு இருக்கும்போது, 120 சதுர அடித் தகரக் கூரை வழியே மட்டும் ஏறத்தாழ 400 வாட் வெளியேறுகின்றது. ஐவரின் உடல்கள் தரும் வெப்பம் முழுவதையும் கூரையொன்றே விழுங்கிவிடுகின்றது என்பது இதன் பொருள்.

இதற்குப் பரிகாரம் யாது? அதனைத் தோட்ட மக்கள் நெடுங்காலமாக அறிவர். அக்காலத்திலே தொழிலாளர் தோளில் தரித்த கம்பளி தானாக வெப்பத்தை உண்டாக்குவதன்று. அதன் இழைகளுக்கிடையே காற்று அசையாது அடைபட்டிருக்கின்றது. அசையாத காற்றோ வெப்பத்தை எளிதிற் கடத்தாது. புல்லால் வேய்ந்த கூரை குளிருக்கும் வெயிலுக்கும் இதமாயிருந்ததும் இதனாலேயே. தகரம் வந்தபோது மழைக்காவல் மிகுந்தது, வெப்பக்காவல் போயிற்று.

நுரைப் பலகை என்பது காற்றைச் சிறைசெய்த மற்றொரு கம்பளியே. 1937இல் ஜெர்மானிய அறிஞர் ஒட்டோ பாயர் பொலியுரித்தேனை ஆக்கும் முறையைக் கண்டார். 1949இல் அந்நாட்டின் பிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி, நாம் ரெஜிபோம் என வழங்கும் பொலிஸ்டைரீன் நுரையை உருவாக்கினார். இந்நுரையின் கனவளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்றே. ஓரங்குலப் பலகை வெப்பத்தைத் தடுப்பதில் ஒன்றரை அடிக்கு மேற்பட்ட செங்கற் சுவருக்கு நிகராகும். மேற்கூறிய கூரையின் கீழ் அதனைப் பொருத்தினால், கூரைவழி இழப்பு ஆறில் ஒரு பங்காகக் குறையும். நண்பகல் வெக்கையையும் அதே பலகை தடுக்கும்.

ஆயினும், பலகையை வாங்கி ஆணியடித்துவிட்டால் வேலை முடிந்தது எனக் கருதலாகாது. முதலில் ஒழுக்கை அடைத்தல் வேண்டும். பலகைகள் சந்திக்கும் இடங்களை இடைவெளியின்றி மூடுதல் வேண்டும். இல்லையேல் ஈரக்காற்று அவ்வழியே தகரத்தை அடைந்து மீண்டும் துளியாகும். யாவற்றினும் மேலாக, தீயை மறத்தலாகாது. பொலிஸ்டைரீன், கொதிநீரின் சூட்டை அண்மிக்கும்போதே இளகும். தீப்பற்றினால் நச்சுப்புகையைக் கக்கும். 2017 ஜூன் 14ஆம் நாள் இலண்டனில் கிரென்பெல் மாடிக்கட்டடம் எரிந்து எழுபத்திரண்டு பேர் மாண்டனர். அக்கட்டடத்தின் வெளிப்போர்வையும், அதன் உள்ளே வைத்த நுரைப் பலகைகளும் எரிபொருளாயின. ஆதலின் நுரையை வெறுமையாய் விடாது, ஜிப்சம் பலகையாலோ சீமெந்துத் தகட்டாலோ கீழ்ப்புறம் மூடுதல் இன்றியமையாதது. விறகடுப்புக்கு மேலே அதனைப் பொருத்தவே கூடாது. அறை இறுக அடைபடுவதால் புகைபோக்கியும் காற்றுவழியும் முன்னினும் அவசியமாகும். இலங்கையில் 2017 செப்டெம்பர் முதல் ரெஜிபோம் உணவுப் பெட்டிகள் தடைசெய்யப்பட்டன. அப்பொருள் மண்ணில் மக்காதது என்பதையும் நினைவிற்கொண்டு, வெட்டிய துண்டுகளை ஓடைகளில் வீசாதிருத்தல் கடன்.

இனி, இதனைச் செய்ய வேண்டியவர் யாவர்? லயத்துக் கூரை அதன்கீழ் உறங்குவோருக்குச் சொந்தமன்று. தனக்கு உரிமையில்லாத கூரைக்குத் தொழிலாளி தன் நாட்கூலியைச் செலவிடுவார் என எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆனால் இப்பொழுது தனிவீடுகள் எழுகின்றன. இந்திய உதவியுடன் நாலாயிரம் வீடுகளுக்கான திட்டம் தொடங்கியபின், 2017 மே மாதத்தில் நோர்வூட்டிலே மேலும் பதினாயிரம் வீடுகள் அறிவிக்கப்பட்டன. தனிவீடு பெரும் பேறுதான். எனினும், லயத்து அறைக்குப் பக்கச்சுவர்களிலே அயலாரின் வெப்பம் துணையிருந்தது. தனிவீட்டின் நான்கு சுவர்களையும் மலைக்காற்று நேரே மோதும். ஆகவே வெப்பக்காவல் புதுவீட்டுக்கே மிகுதியும் வேண்டும். கட்டும்போதே சேர்த்தால் செலவு சிறிது. கட்டியபின் கூரையைக் கழற்றிச் சேர்ப்பதோ பெருஞ்செலவு.

வரைபடம் வரைவோரும் நிதி ஒதுக்குவோரும் இதனை எண்ணுவார்களாக. குளிர்ந்த மலையிலே வீடு என்பது மழையைத் தடுக்கும் மறைப்பு மாத்திரமன்று. பகலெல்லாம் உழைத்த உடல் தன் வெப்பத்தை இழக்காது இளைப்பாறும் இடமுமாகும். தோளுக்குக் கம்பளி வழங்கிய மலைநாடு, இனிக் கூரைக்கும் ஒன்று வழங்குதல் வேண்டும்.