மணிச் சத்தம் கேட்டதா?



கடந்த கோடை விடுமுறையில் அலங்காநல்லூர் வட்டாரத்துப் பீடச் சிறுவர்களோடு பங்கு இல்லத்தில் உட்கார்ந்து ஒரு படம் பார்த்தோம். 'ஹாபிட்' வரிசையில் மூன்றாவது படம். பீட்டர் ஜாக்சன் இயக்கி 2014-இல் வெளிவந்தது. படம் தொடங்கியதுமே ஏரியின் நடுவே மரத்தால் கட்டிய ஊர் ஒன்றின்மேல் நெருப்பைக் கக்கிக்கொண்டு ஒரு டிராகன் பாய்கிறது. மணி அலறுகிறது. சனங்கள் தாறுமாறாகப் படகுகளுக்கு ஓடுகிறார்கள். ஊர்த் தலைவரோ தங்கத்தைப் படகில் ஏற்றிக்கொண்டு தன் பிழைப்பைப் பார்க்கிறார். பார்ட் என்ற வில்லாளி மட்டும் அந்த மணிக்கூண்டின்மேலேயே ஏறி நின்று, கடைசியில் தன் மகனின் தோளையே தாங்கலாக வைத்து அம்பு எய்து டிராகனை வீழ்த்துகிறான். சிறுவர்கள் கைதட்டினார்கள். நாங்களும்தான்.

கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு பொடியன் கேட்டான்: "ஃபாதர், டிராகன் தலைக்கு மேல வந்ததுக்கு அப்புறம் மணி அடிச்சு என்ன பிரயோசனம்? அதான் எல்லாரும் பாத்துட்டாங்களே!"

நியாயமான கேள்வி. இப்படிப்பட்ட கற்பனைப் படங்களில் அபாய மணி ஊராருக்காக அடிக்கப்படுவதைவிட நமக்காகவே அதிகம் அடிக்கப்படுகிறது. நாற்காலியில் சாய்ந்திருப்பவரை நிமிர்த்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதே கதையின் முந்தைய படத்தில், 2013-இல் வந்ததில், இன்னொரு மணி ஒலித்தது. உறங்கும் டிராகனை எழுப்பினால் ஊரே அழியும் என்று அந்தப் பார்ட் கூட்டத்தின் நடுவே நின்று சொன்னான். மலைக்குள் இருக்கும் தங்கத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு என்று வேறொருவர் சொன்னார். கூட்டம் யாருக்கு ஆரவாரம் செய்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. (இந்தக் கதையை எழுதிய டோல்கீன் ஒரு கத்தோலிக்கர் என்று சொன்னோம். சிறுவர்கள் நம்பவில்லை.)

நம் பக்கத்துக்கு வருவோம். வைகை அணையில் 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அணையில் அபாயச் சங்கு ஊதுகிறார்கள். தேனி முதல் இராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டக் கரையோர மக்களுக்கும் செய்தி போகிறது. அந்த நேரத்தில் சோழவந்தான் பக்கம் ஆற்றில் போய்ப் பாருங்கள். மணலும் முள்ளுமாகக் கிடக்கும், ஆடு மேயும், வானம் வெளுத்திருக்கும். மழை பெய்தது எங்கோ மலையில். "சும்மா ஊதுறாங்க" என்று நாமே சொல்லியிருப்போம்.

ஆனால் தை மாதம் வாடிவாசலில், "மாடு திரும்புது, ஏறிக்கோ" என்று ஒலிபெருக்கியில் ஒரு குரல் வந்தால் யாரும் யோசிப்பதில்லை. கால் தானாகத் தடுப்பின்மேல் ஏறிவிடுகிறது. விடிந்ததிலிருந்து மாட்டையே பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும் குரல் அது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே கடலடியில் நிலம் நடுங்கியபோது நமக்குக் காலை ஆறரை மணி. அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்திருந்த திருப்பயணிகள் பலர் அந்த வேளையில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தார்கள். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரை இழந்தோம். நேரம் இருந்தது, அடிப்பதற்கு மணி இல்லை. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல்தான்.

ஆயினும் புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு என்ற மீனவ ஊரில் மட்டும் அன்று ஓர் ஒலிபெருக்கி பேசியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் வைத்திருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியைப் போட்டு, ஓடுங்கள் என்றார்கள். ஏறத்தாழ 3,600 பேர் பிழைத்தார்கள். அதே குழாய்தான் வழக்கமாகக் கடலில் அலை எவ்வளவு உயரம், கடலுக்குப் போகலாமா கூடாதா என்று சொல்லிவந்தது. எத்தனையோ நாள் அதன் பேச்சு சரியாக இருந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். அன்றைக்கு ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

எசேக்கியேல் நூல் 33-ஆம் அதிகாரத்தில் ஒரு காவலாளி வருகிறான். வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாமல் இருந்தால், மடிகிறவனின் இரத்தத்துக்கு அவனே பொறுப்பு என்கிறார் ஆண்டவர். இந்தப் பகுதியைப் பீடத்தில் நின்று வாசிக்கும்போதெல்லாம் எங்கள் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடும். காரணம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கோவில் மணியின் கயிறு அறுந்துபோயிற்று. புதுக் கயிறு வாங்கச் சோம்பல். பதிவு செய்த மணியோசையை மூன்று வேளையும் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டோம். சுகமாக இருந்தது. மாதங்கள் ஓடின. ஒருநாள் நள்ளிரவில், மின்சாரம் இல்லாத நேரத்தில், ஊர்க்கோடியில் ஒரு வைக்கோல் படப்பு தீப்பிடித்தது. பார்த்தவன் ஓடிவந்து கோபுரத்தில் ஏறி, மணியின் நாக்கைக் கையால் பிடித்தே அடித்தான். ஊர் முழுக்கக் கேட்டது. பங்கு இல்லத்தில் எங்களுக்கும் கேட்டது. எவனோ குடித்துவிட்டு விளையாடுகிறான் என்று புரண்டு படுத்தோம்.

ஊர் எழுந்து வருவதற்குள் தனியாக வாழ்ந்த ஒரு விதவைத் தாயின் தொழுவமும், உள்ளே கட்டியிருந்த இரண்டு பசுக்களும் எரிந்துபோயின. காலையில் போய் நின்றோம். அவர் எங்களைத் திட்டவில்லை. "மணிச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு சாமி. உங்களுக்குக் கேக்கலையா?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. இன்றும் இல்லை.

அந்த வாரமே புதுக் கயிறு வந்தது. இப்போது காலையும் மாலையும் கோவில்பிள்ளை மணி அடிக்கிறார். நண்பகல் மூவேளை செபத்துக்கான கயிறு, படம் பார்த்துக் கேள்வி கேட்ட அந்தப் பொடியனிடம் இருக்கிறது. விளையாட்டுப் பிள்ளை, சில நாள் பிந்திவிடுகிறான். பிந்தினால் அந்தத் தாயே கோவில் வாசல்வரை வந்துவிடுகிறார். "மணி பன்னெண்டு தாண்டிருச்சே, பயல எங்க காணோம்?"