கணக்கும் கேட்போம், காரணமும் கேட்போம்

(எமது சங்கத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது புலமைப்பரிசிலுக்குரிய பிள்ளைகளைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தெரிவு செய்தால் பட்சபாதம் ஒழியும் என்றொரு யோசனை சென்ற கூட்டத்தில் வந்தது. நல்லெண்ணத்தில் எழுந்த யோசனையே. ஆயினும் அதனை ஏற்குமுன், இம்மலைநாட்டில் நம்மவர் பிறர் எழுதிய கணக்கால் பட்ட பாட்டைச் சற்றே நினைத்தல் தகும்.

நம் முன்னோர் காலத்தில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. ஆட்களின் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி அது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தும். கடனோ தொழிலாளியைத் தொடரும். அது எவ்வாறு ஏறியது என்று எழுத்தறியாதவனுக்குத் தெரியாது, கேட்கவும் வழியில்லை. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. காரணம் அறியாமல் கணக்குக்குக் கட்டுப்படும் நிலை ஒழிந்ததா?

2023இல் அரசாங்கம் 'அஸ்வெசும' நலன்புரித் திட்டத்தைத் தொடங்கியது. 22 குறிகாட்டிகளால் குடும்பங்களுக்குப் புள்ளியிட்டார்கள். அது செயற்கை நுண்ணறிவு அன்று. வெறும் புள்ளிக் கணக்கே. சிபாரிசிலும் பொது அளவுகோல் மேலானது என்பதை மறுக்கோம். எனினும் பட்டியல் வெளியானதும் நாடெங்கும் மேன்முறையீடுகள் குவிந்தன. "பக்கத்துக் காம்பராவுக்குக் கிடைத்தது எனக்கேன் இல்லை?" என்று லயத்துத் தாயொருத்தி கேட்டால், அவளுக்கு விளங்கும் மொழியில் விடை சொல்ல மனிதர் ஒருவர் வேண்டாமா?

ஒல்லாந்து தேசத்தில் நடந்தது இதனினும் கொடிது. பிள்ளைப் பராமரிப்பு உதவிப் பணத்தில் மோசடி தேடிய கணினிமுறை, பிறநாட்டுக் குடியுரிமையையும் சந்தேகக் குறியாகக் கொண்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கடனில் மூழ்கின. 2021 ஜனவரியில் அரசாங்கமே இராஜிநாமாச் செய்தது.

இயந்திரத்துக்குப் பட்சபாதம் இல்லை என்பது மயக்கம். அது பழைய பதிவுகளைக் கொண்டே பழகுகிறது. முன்னர் நகரப் பள்ளிப் பிள்ளைகளுக்கே பரிசில் கொடுத்திருந்தால், அதுவும் அவர்களையே தேடும். தோட்டப் பள்ளிப் பிள்ளை பின்தள்ளப்படும்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை ஆராயாது நம்பிக் கோவலனைக் கொல்வித்தான். தவறு வெளிப்பட்டபோதோ, பொற்கொல்லன் சொன்னான் என்று ஒதுங்கினானில்லை. குற்றம் தனதே என ஏற்று உயிர்விட்டான். கணினி சொல்லிற்று என்று கைகழுவும் நிர்வாகி அவனிலும் தாழ்ந்தவனாவான்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், அரச நிறுவனங்களிடம் கேள்வி கேட்கும் உரிமையைக் குடிமக்களுக்குத் தந்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, இயந்திரம் தனித்துச் செய்யும் தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமையை வகுத்தது. சட்டத்துக்கு அஞ்சியல்ல, தருமத்துக்கு அஞ்சி நாமும் மூன்று விதிகளை ஏற்போமாக.

தெரிவுக்குரிய அளவுகோலை விண்ணப்பம் கோருமுன்னரே கோவில் முன்றிலில் ஒட்டுவோம். பரிசில் கிடைக்காத பிள்ளைக்குக் காரணத்தைத் தமிழில் எழுதிக் கொடுப்போம். கணினி உதவினும், தீர்மானத்தின் கீழ் நிர்வாகசபையோர் தம் பெயரெழுதிக் கையொப்பமிடட்டும்.

சங்கப் பணம், கொழுந்து பறித்த கைகள் தந்த சந்தாப் பணம். கொழுந்து நிறுக்கையில் தராசு முள்ளை நோக்கி நிற்பவர் நம் தாய்மார். அவர் பார்க்கமுடியாத தராசு எதனையும் நமது சங்கத்தில் வையாதிருப்போமாக.