டெஸ்ட் சர்வருக்கு ஒரு நகல்: லைவிலிருந்தா, பேக்கப்பிலிருந்தா?

ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸை டெஸ்ட் சர்வரில் நகல் எடுத்து வைக்கிற வேலையைப் பற்றி இன்னைக்குப் பேசலாம். பல இடங்களில் இதைப் புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் கட்டுவாங்க. “லைவ்ல ஒரு டம்ப் எடுத்து அங்க போட்டுடுப்பா” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நான் சொல்ல வருவது வேறு. நகலை லைவிலிருந்து எடுக்காதீங்க, நேற்று ராத்திரி எடுத்த பேக்கப்பிலிருந்து எடுங்க. கொஞ்சம் கூடுதல் வேலைதான். ஆனால் உங்க பேக்கப் நிஜமாகவே திரும்ப வருமா என்று தெரிந்துகொள்ள, அதைத் திரும்பக் கொண்டுவந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

இதற்கு நல்ல உதாரணம் கிட்லேப் டாட் காம். 2017 ஜனவரி 31 அன்று அங்கே நடந்ததை அந்த நிறுவனமே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டிருக்கிறது. அவங்க போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஒரு முதன்மை சர்வரிலும், அதைப் பின்தொடரும் ஒரு துணை சர்வரிலும் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு லோடு ஏறியதில் துணை சர்வர் பின்தங்கி, ஒரு கட்டத்தில் நின்றே போனது. அதை முதலிலிருந்து ஏற்றணும் என்றால் அதன் டேட்டா டைரக்டரி காலியாக இருக்கணும். ராத்திரி நேரம். துணை சர்வரில் இருப்பதாக நினைத்து ஒரு இன்ஜினியர் அழிக்கும் கமாண்டைக் கொடுத்தார். அவர் இருந்ததோ முதன்மை சர்வரில். ஓரிரு விநாடியில் சுதாரித்து நிறுத்திவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிச்சம் இருந்தது 4.5 ஜிபி.

சரி, பேக்கப் இருக்குமே என்று தேடிப் போனாங்க. தினமும் டம்ப் எடுத்து அமேசான் எஸ்3-யில் போடுகிற ஏற்பாடு இருந்தது. உள்ளே பார்த்தால் ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன், டம்ப் எடுக்கும் புரோகிராம் 9.2 வெர்ஷன். ஒத்துப்போகாமல் ஒவ்வொரு நாளும் அது எர்ரர் அடித்து நின்றிருக்கிறது. தோல்வி அடைந்தால் மெயில் வரும், அதுவும் இருந்தது. ஆனால் அந்த மெயில்களைப் பெறும் மெயில் சர்வரே அவற்றை ஏற்காமல் தள்ளிவிட்டது. அஷூர் டிஸ்க் ஸ்னாப்ஷாட்? டேட்டாபேஸ் சர்வர்களுக்கு அது போடப்படவே இல்லை.

கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? டெஸ்டுக்காக எடுத்த நகல். அவங்க ஸ்டேஜிங் சர்வருக்கு 24 மணி நேரத்துக்கு ஒரு முறை ஸ்னாப்ஷாட் போகும். அன்றைக்கு வேறொரு விஷயத்தை ஸ்டேஜிங்கில் சோதிப்பதற்காக, சம்பவத்துக்கு ஆறு மணி நேரம் முன்னால் கையால் ஒன்று எடுத்திருந்தாங்க. அதிலிருந்துதான் தளம் மீண்டது. நடுவில் போன அந்த ஆறு மணி நேரத்து டேட்டா, சுமார் 5,000 ப்ராஜெக்ட், 5,000 கமெண்ட், 700 புது யூசர் கணக்கு, போனது போனதுதான்.

இதில் இன்னும் இரண்டு விஷயம் கவனிக்கணும். ஸ்டேஜிங்கின் டிஸ்க் ரொம்ப மெதுவானது. அதிலிருந்து டேட்டாவைத் திரும்பக் கொண்டுவரவே சுமார் 18 மணி நேரம் ஆனது. இன்னொன்று, ஸ்டேஜிங்குக்குப் போகும் நகலில் வெப்ஹுக்குகளை அழித்துவிடும் வழக்கம் இருந்தது. அவை திரும்பக் கிடைக்குமா என்று அன்றைக்குக் கவலைப்பட்டு எழுதியிருக்காங்க. அழித்ததில் தப்பே இல்லை. டெஸ்ட் சர்வர் வெளியில் இருப்பவருடைய சர்வரைக் கூப்பிடக் கூடாது இல்லையா? அதனால்தான் டெஸ்ட் நகல் பேக்கப்புக்கு மாற்று ஆகாது. பேக்கப் வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான்.

இப்போ வேலைக்கு வருவோம். போஸ்ட்கிரெஸ் என்றே வைத்துக்கொள்வோம். பேஸ் பேக்கப்பை டெஸ்ட் சர்வரில் விரித்து, அதன் மேல் வால் ஃபைல்களை ஓட்டணும். வால் என்றதும் சிரிக்காதீங்க, ரைட் அஹெட் லாக் என்பதன் சுருக்கம். இங்கே முதலில் இடறும் இடம் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ். டெஸ்ட் சர்வர் சின்னதுதானே என்று அதைக் குறைத்து வைத்தால் ரெக்கவரி பாதியில் நின்றுவிடும். ரெக்கவரி முடியும்வரை ப்ரொடக்‌ஷனில் இருக்கும் மதிப்பையே வைங்க, பிறகு குறைச்சுக்கலாம். அடுத்தது ஆர்கைவ் மோடு. அது ஆனில் இருந்து, கமாண்டும் பழையதாகவே இருந்தால், டெஸ்ட் சர்வர் தன் வால் ஃபைல்களை ப்ரொடக்‌ஷன் ஆர்கைவுக்குள்ளேயே கொண்டுபோய்ப் போடும். உபுண்டுவில் செட்டிங் ஃபைல் தனி இடத்தில் இருக்கிறது, அதனால் பிரச்சினை இல்லை என்று நினைக்கலாம். ஆல்டர் சிஸ்டம் கொடுத்து மாற்றியவை எல்லாம் டேட்டா டைரக்டரிக்குள்ளேயே ஒரு ஃபைலில் இருக்கும், நகலோடு அதுவும் வந்துவிடும். அதைத் திறந்து பார்த்த பிறகே ஸ்டார்ட் பண்ணுங்க.

டேட்டாபேஸ் எழுந்த பிறகுதான் உண்மையான ஆபத்து. அனுப்பாமல் க்யூவில் நிற்கும் எஸ்எம்எஸ், மெயில் எல்லாம் டேபிளில் அப்படியே இருக்கும். அப்ளிகேஷனை ஏற்றியதும் அவை வாடிக்கையாளர் போனுக்குக் கிளம்பிவிடும். அதனால் முதலில் வெளியே போகும் நெட்வொர்க்கை மூடுங்க, பிறகு க்யூவைக் காலி பண்ணுங்க, அப்புறம்தான் மற்றது.

பெயர், போன் நம்பர், மெயில் ஐடியை மாற்றுவதில் ஒரு நுணுக்கம் இருக்கு. மெயிலுக்கு எல்லோருக்கும் ஒரே மதிப்பைப் போட்டால் யூனிக் கட்டுப்பாட்டில் முட்டும். வாடிக்கையாளர் எண்ணை வைத்தே உருவாக்கி, முடிவில் டாட் இன்வாலிட் என்று போட்டுடுங்க. அந்த முடிவு யாருக்கும் ஒதுக்கப்படாதது, மெயில் எங்கேயும் போகாது. “குறிப்பு” மாதிரியான காலங்களை மறக்காதீங்க. கஸ்டமர் கேரில் இருப்பவங்க போன் நம்பரை அதில்தான் டைப் பண்ணி வைப்பாங்க. அப்புறம், போஸ்ட்கிரெஸில் அப்டேட் கொடுத்தால் பழைய ரோ உடனே அழியாது, டிஸ்கில் அப்படியே கிடக்கும். அந்த டேட்டா ஃபைல்களை அப்படியே வேறு யாருக்காவது கொடுத்தால் பழைய நம்பர்களையும் சேர்த்தே கொடுத்த மாதிரிதான். அதனால் நடுவில் ஒரு தனி சர்வர் வைத்து, அதில் ரீஸ்டோர் பண்ணி, மாற்ற வேண்டியதை மாற்றி, அதிலிருந்து டம்ப் எடுத்து டெஸ்ட் டீமுக்குக் கொடுப்பதுதான் எனக்குப் பிடித்த முறை. டம்ப் எடுக்கும்போது டேபிளில் உள்ள ஒவ்வொரு ரோவும் படிக்கப்படும், கெட்டுப்போன பக்கம் ஏதாவது இருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

இது எல்லாவற்றையும் ஒரு ஸ்க்ரிப்ட்டாக்கி, வாரம் ஒரு முறையாவது தானாக ஓட விடுங்க. தோற்றால் மட்டும் மெயில் என்று வைக்காதீங்க, அந்த மெயில் வராமலே போகலாம். ரீஸ்டோருக்கு எத்தனை மணி நேரம் ஆச்சு, நகலில் இருக்கும் கடைசி ஆர்டர் எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போட்டது, இந்த இரண்டையும் டீமுக்கு ஒவ்வொரு முறையும் அனுப்பச் சொல்லுங்க. அந்த மெயில் வராத திங்கட்கிழமை, காபிக்குப் போவதற்கு முன் பேக்கப் ஃபோல்டரைத் திறந்து பாருங்க.