அழிந்தோரை நிறுத்துதல்

(மகாவீரர் ஜெயந்தியையொட்டிக் கோட்டக்குப்பத்தில் நிகழ்த்திய உரை)

 

கோட்டக்குப்பம் எல்லையோரத்து ஊர். தெற்கே சிறிது தூரம் நடந்தால் புதுச்சேரி; அங்கே மதுவின் விலை மலிவு. வடக்கே, இதே விழுப்புரம் மாவட்டத்து எக்கியார்குப்பத்தில், 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் பல உயிர்களைப் பறித்தது. இவ்விரண்டிற்கும் நடுவே நின்று மதுவைப் பற்றிப் பேசாதிருத்தல் அறமாகாது.

"நம் குடும்பங்களில் இப்பேச்சு எதற்கு?" என்று சிலர் எண்ணலாம். கள், ஊன், தேன் ஆகியவற்றை விலக்குதல் இல்லறத்தார்க்கு மூலகுணம் என்பதைச் சிறுவரும் அறிவர். குடி ஏழு வியசனங்களுள் ஒன்று. விலக்கு இவ்வளவு தெளிவாக இருப்பதனாலேயே, வழுக்கியவர் அதனைப் பிறரினும் ஆழமாக மறைக்கிறார். மனைவி மறைக்கிறார், பெற்றோர் மறைக்கின்றனர், தங்கைக்கு வரும் வரன் தட்டிப்போகுமே என்று தமையனும் மறைக்கிறார். மறைத்த ஆண்டுகளில் நோய் முற்றுகிறது.

பிறர் குற்றத்தை மறைத்தல் நம் நெறியில் சொல்லப்பட்டதே என்பீர்கள். உண்மை. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் உபகூகனம், அதாவது அறப்பழி நீக்கல், ஒன்று. அதற்குச் சான்றாகச் சொல்லப்படுபவர் ஜினேந்திரபக்தர் என்னும் வணிகர். துறவி வேடத்தில் வந்து மணியைத் திருடியவனை ஊரார் முன் அவர் காட்டிக்கொடுக்கவில்லை. ஆயினும் தனியே அழைத்துக் கண்டித்தார். ஊருக்கு மறைத்தார்; அவனிடம் மறைக்கவில்லை. நாமோ ஊருக்கும் மறைத்து, குடிப்பவரிடமும் வாய் திறவாமல் இருந்துவிடுகிறோம்.

அதற்கு அடுத்த உறுப்பு ஸ்திதிகரணம், அழிந்தோரை நிறுத்துதல். துறவில் மனம் தளர்ந்த தோழரை வாரிசேனர் இகழ்ந்து விலக்கவில்லை. அரண்மனைக்கு அழைத்துச் சென்று, தாம் துறந்தவற்றையெல்லாம் காட்டினார். தோழர் மீண்டும் நிலைபெற்றார். தானே கடந்து வந்தவர் காட்டும்போதுதான் தளர்ந்தவர் நம்புகிறார் என்பது இக்கதையின் உட்பொருள்.

இவ்வுண்மையையே அடித்தளமாகக் கொண்டு, 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் அக்ரான் நகரில் ஓர் இயக்கம் தோன்றியது. பங்குச் சந்தையில் பணியாற்றிய ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவரோடு ஒருவர் மனம் திறந்து பேசிக் குடியிலிருந்து விலகி நின்றனர். அதுவே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. பின்னர் இந்தியாவிலும் பரவியது. கட்டணம் இல்லை, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. முன்பெயர் மட்டும் சொன்னால் போதும். முதல் நாள் பேசவேண்டும் என்பதில்லை, கேட்டிருந்துவிட்டு வரலாம். குடியிலிருந்து மீண்ட மூத்த உறுப்பினர் ஒருவர் புதியவருக்குத் துணைவராகிறார். குடும்பத்தினருக்கென அல்-அனான் என்னும் அமைப்பு தனியே உண்டு.

இரு ஐயங்கள் எழலாம். சில கூட்டங்கள் தேவாலயத்து அறைகளில் நடைபெறுகின்றன. அது இடவசதிக்காகவே, ஏ.ஏ. எந்தச் சமயத்தையும் சார்ந்ததன்று. மற்றொன்று, அவர்களது பன்னிரண்டு படிகளில் இறைவன் என்னும் சொல் வருகிறது. படைத்துக் காக்கும் கடவுளை ஏற்காத நாம் என்செய்வது? அவரவர் அறிந்துகொண்ட வண்ணம் என்றே அங்கும் சொல்லப்படுகிறது. பஞ்ச பரமேட்டிகளை நெஞ்சில் நிறுத்தி நம்மவர் அப்படிகளில் ஏறலாம். தன் தவறுகளைக் கணக்கெடுத்துப் பிறர்முன் ஒப்புக்கொள்ளுதல் ஆலோசனை, பிரதிக்கிரமணம் ஆகியவற்றை அறிந்த நமக்குப் புதிதன்று.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பல்லாண்டு நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர், ஆலயத்தில் விரதம் ஏற்று அன்றே வீட்டில் நிறுத்திவிடுவது ஆபத்தாகலாம். கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் தோன்றி உயிருக்கே கேடு விளையக்கூடும். ஆகவே முதலில் மருத்துவரிடம் செல்க. கோரிமேட்டில் ஜிப்மர் உள்ளது. முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. மனநல மருத்துவரிடமே அருகிலுள்ள குழுவைப் பற்றியும் கேட்கலாம். 14446 என்னும் தேசிய இலவச உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, மருத்துவத்தோடு குடும்பத்தினருக்கான ஆலோசனையையும் இணைத்த முன்னோடி நிறுவனம்.

மீண்டவர் மறுபடி வழுக்கவும் கூடும். அன்று அவரை நோக்கி, "அப்போதே சொன்னேன்" என்று கூறாதீர்கள். அடுத்த கூட்டம் என்று என்று கேளுங்கள். கூடவே வாசல்வரை செல்லுங்கள். திங்கள்தோறும் ஆலயத்தில் கூடும் நாம், மீண்டு வருபவருக்குப் பந்தியில் ஓர் இடமும், திருப்பணியில் ஒரு பொறுப்பும் அளிப்போமாக. ஊர்ப்பேச்சில் அவர் பெயர் வாராமல் காப்போமாக. முன்னது ஸ்திதிகரணம், பின்னது உபகூகனம். இரண்டும் சேர்ந்தாலன்றி நற்காட்சி நிறைவுறாது.

அறம் வளர்க! அருள் வளர்க!