பசியை அறிந்த நடிகர் சார்லி சாப்ளின்

(மில் தொழிலாளர் சங்கக் கட்டிடத்தில், படம் திரையிடுவதற்கு முன் ஆற்றிய உரை)



இன்றிரவு 'மாடர்ன் டைம்ஸ்' என்ற படத்தைக் காட்டப் போகிறோம். 1936-ல் வெளிவந்த படம். திரை கட்டியாகிவிட்டது. விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் நடவு முடித்து வந்து சேர இன்னும் சற்று நேரமாகும் என்கிறார்கள். அதுவரை இந்தப் படத்தை எடுத்து நடித்தவரைப் பற்றிப் பேசும்படி கிளைத் தோழர்கள் நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள்.

போன கூட்டத்தில் ரிங் பிரேம் பகுதித் தோழர் ஒருவர் எழுந்து, "கோடீஸ்வர நடிகன் எடுத்த படத்தைச் சங்கத்தில் எதற்குக் காட்ட வேண்டும்?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல அது. ஒரு வார்த்தையில் பதில் சொல்லவும் முடியாது. அவர் கதையைச் சொல்கிறோம், கேளுங்கள்.

லண்டன் நகரில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே லாம்பெத், கென்னிங்டன் என்று பகுதிகள் உண்டு. உழைப்பாளிகளும் ஏழைகளும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1889 ஏப்ரலில் பிறந்த சார்லி அங்கேதான் வளர்ந்தார். தாய் ஹன்னா, தகப்பன் இருவரும் மேடைப் பாடகர்கள். தகப்பன் குடிக்கு அடிமையாகிக் குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். 1901-ல், 38 வயதில், அந்தக் குடியாலேயே செத்தார். தாய்க்குக் குரல் கெட்டது. மேடையில் பாடுகிறவளுக்குக் குரல் போனால் கூலி போயிற்று. சார்லிக்கு ஐந்து வயதிருக்கும்போது, ஆல்டர்ஷாட் என்ற ராணுவ முகாம் ஊரில், பாடிக்கொண்டிருந்த தாய்க்குக் குரல் உடைந்தது. சிப்பாய்கள் கேலிக் கூச்சல் போட்டார்கள். மானேஜர் பையனை மேடையில் கொண்டுவந்து நிறுத்தினார். பையன் பாடினான். காசு வந்து விழுந்தது. உடனே பாட்டை நிறுத்தி, முதலில் காசைப் பொறுக்கிக்கொள்கிறேன், பிறகு பாடுகிறேன் என்று அறிவித்தானாம்! கொட்டகை முழுவதும் சிரிப்பு. வீட்டில் அடுப்பு எரியாத பிள்ளைக்கு அது விளையாட்டுப் பேச்சல்ல.

தாய் தையல் வேலை செய்து பார்த்தாள். தவணைக்கு எடுத்த தையல் மெஷினைத் தவணை கட்டவில்லை என்று தூக்கிப் போய்விட்டார்கள். 1896-ல் தாயும், சார்லியும், அவருக்கு நான்கு வயது மூத்த அண்ணன் சிட்னியும் லாம்பெத் ஒர்க் ஹவுஸில் போய்ச் சேர்ந்தார்கள். ஒர்க் ஹவுஸ் என்றால் என்ன? போக்கிடமற்ற ஏழைகளை அடைத்து வைத்து, வேலை வாங்கிக் கஞ்சி ஊற்றும் கொட்டடி. பெண்களுக்கு ஒரு பக்கம், பிள்ளைகளுக்கு ஒரு பக்கம். உடுத்தி வந்த துணியைக் கழற்றி வாங்கிக்கொண்டு கொட்டடித் துணியைக் கொடுப்பார்கள். பிறகு பையன்களை ஹான்வெல் என்ற இடத்திலிருந்த ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே படர்தாமரை வந்து, தலையை மொட்டையடித்து, அயோடின் பூசி வைத்திருந்ததைப் பெரிய மனிதரான பிறகும் அவர் மறக்கவில்லை.

ஒரு நாள் அந்தத் தாய் ஒரு காரியம் செய்தாள். கொட்டடியை விட்டுப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். போக வீடு இல்லை. மூவரும் கென்னிங்டன் பூங்காவில் போய் உட்கார்ந்தார்கள். சிட்னியின் கைக்குட்டையில் ஒன்பது பென்ஸ் முடிந்திருந்தது. அதில் கொஞ்சம் செர்ரிப் பழம் வாங்கித் தின்றார்கள். பழைய பத்திரிகைத் தாளைப் பந்தாகச் சுருட்டி விளையாடினார்கள். சாயங்காலம் மூவரும் திரும்ப அதே கொட்டடி வாசலில் போய் நின்றார்கள். சிப்பந்திகளுக்கு ஒரே எரிச்சல். எல்லாச் சடங்கையும் முதலிலிருந்து செய்ய வேண்டுமே! ஒரே ஒரு பகல் பொழுது தன் பிள்ளைகளோடு இருப்பதற்காக அந்தத் தாய் போட்ட திட்டம் அது. சுமங்கலித் திட்டத்தில் மகளை மில் விடுதிக்கு அனுப்பி, விடுதி வாசலில் காத்து நின்ற தாய்மார்கள் இங்கே இருக்கிறார்கள். உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஹன்னாவுக்குச் சித்தம் கலங்கியது. 1903-ல் சார்லிதான் அவளை நடத்திக் கூட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அரைப்பட்டினி உடம்பு என்று டாக்டர் சொன்னார். பின்னால் மகன் பார்க்கப் போனபோது, அன்று சாயங்காலம் கொஞ்சம் தேநீர் கொடுத்திருந்தால் தனக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றாளாம். 1964-ல், 75 வயதில் வெளியிட்ட சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். அத்தனை கோடிக்குப் பிறகும் அந்த ஒரு கோப்பைத் தேநீர் அவரை விடவில்லை.

அவர் செய்யாத வேலை இல்லை. பத்திரிகை விற்றார். கண்ணாடி ஊதினார். பொம்மை செய்தார். டாக்டர் வீட்டில் எடுபிடியாக இருந்தார். 'எட்டு லங்காஷயர் பையன்கள்' என்ற ஆட்டக் குழுவில் மரச்செருப்பு ஆட்டம் ஆடினார். லங்காஷயர் பருத்தி மில் தொழிலாளிகள் மரச்செருப்புப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவார்கள். அவர்களிடையே வளர்ந்த ஆட்டம் அது. ஓர் அச்சுக்கூடத்தில், தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லி, இருபது அடிக்கு மேல் நீளமான அச்சு யந்திரத்துக்குத் தாள் கொடுக்கும் வேலைக்குப் போனார். பசிகொண்ட மிருகம் போல அந்த யந்திரம் தன்னை முந்தப் பார்த்தது என்றும், முதல் நாளே நரம்பு தளர்ந்துவிட்டது என்றும் சொல்கிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படம் பார்க்கும்போது உதவும்.

பிறகு நடந்ததைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறோம். 1908-ல் பிரெட் கார்னோ என்பவரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் கம்பெனியோடு அமெரிக்கா போனார். 1914-ல் சினிமாவில் நுழைந்தபோது சம்பளம் வாரம் 150 டாலர். இரண்டே ஆண்டில் அது வாரம் 10,000 டாலர் ஆயிற்று. 1919-ல் மூன்று சினிமாக்காரர்களோடு சேர்ந்து யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற சொந்தக் கம்பெனியே தொடங்கினார். ஆக, ரிங் பிரேம் தோழர் சொன்னது உண்மை, கோடீஸ்வரர்தான். வேறு குறைகளும் உண்டு. முதல் இரண்டு மனைவியரை மணந்தபோது அந்தப் பெண்களுக்கு வயது 16. 'சிட்டி லைட்ஸ்' படத்தில் ஒரு காட்சிக்காகப் பூக்காரியாக நடித்த பெண்ணை நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப நடிக்க வைத்தார். தம்மிடம் வேலை செய்தவர்களுக்கு அவர் சுலபமான எஜமானர் அல்ல. இதையெல்லாம் மூடி மறைப்பது நம் வேலையல்ல.

ஆனால் அந்தக் கோடீஸ்வரர் திரையில் யாராக வந்து நின்றார்? பிடித்த கோட்டு, தொளதொளத்த கால்சட்டை, சின்னத் தொப்பி, பெரிய பூட்ஸ், கையில் மூங்கில் பிரம்பு. வீடு வாசல் இல்லாத நாடோடி. 1917-ல் எடுத்த 'இமிக்ரண்ட்' படத்தில், கப்பலில் பிழைக்க வரும் ஏழைகள் சுதந்திர தேவி சிலையைக் கண்டு பூரித்து நிற்கும் அதே நிமிஷத்தில், அதிகாரிகள் அவர்களை மாட்டை மறிப்பது போலக் கயிறு போட்டு மறிப்பார்கள். நாடோடி ஓர் அதிகாரியின் பின்புறத்தில் ஓர் உதை விடுவான். 1921-ல் வந்த 'தி கிட்' படத்தில், அவன் வளர்த்த பிள்ளையை அநாதை விடுதிக்காரர்கள் லாரியில் ஏற்றிப் போவார்கள். கூரை மேல் ஓடி லாரியில் குதித்து மீட்பான். ஹான்வெல்லுக்குப் போன பையன் எடுத்த படமல்லவா! 1931-ல் வந்த 'சிட்டி லைட்ஸ்' படத்துப் பணக்காரனை எண்ணினால் நமக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. குடித்திருக்கும்போது நாடோடியைக் கட்டிப் பிடித்து நண்பா என்பான். விடிந்து போதை தெளிந்ததும், யார் இவன் என்று வெளியே தள்ளச் சொல்வான். தேர்தல் காலத்தில் நம் தெருவுக்கு வருகிற சில கனவான்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

அந்த 1931 செப்டம்பரில்தான் லண்டனில் காந்தியடிகளை அவர் சந்தித்தார். வட்டமேஜை மாநாட்டுக்காகக் காந்தி அங்கே போயிருந்த சமயம். நகரின் கிழக்கே, கானிங் டவுன் என்ற உழைப்பாளர் பகுதியில், இந்திய டாக்டர் ஒருவரின் சிறிய வீடு. தெரு நிறைந்த கூட்டம். உங்கள் விடுதலைப் போராட்டத்தை ஆதரிக்கிறேன், ஆனால் யந்திரத்தை ஏன் வெறுக்கிறீர்கள் என்று சாப்ளின் கேட்டார். யந்திரத்தை நல்ல மனத்தோடு பயன்படுத்தினால் வேலை நேரம் குறையும், அறிவை வளர்க்க நேரம் கிடைக்கும் என்பது அவர் வாதம். யந்திரம்தான் எங்களை இங்கிலாந்துக்கு அடிமையாக்கியது, அதிலிருந்து மீள வேண்டுமானால் அந்தச் சரக்கை ஒதுக்க வேண்டும், அதனால்தான் நூற்கிறோம் என்று காந்தி விளக்கினார். சில நாட்களில் காந்தி லங்காஷயருக்கே போனார். வேலை இழந்த மில் தொழிலாளிகள் அவரை அன்போடு வரவேற்றார்கள். காந்தி சொன்னதை நாம் தள்ளிவிடவில்லை. ஆனாலும் மில்லில் நிற்கும் நாம் சாப்ளின் பக்கம்தான் சாய்கிறோம். யந்திரத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி யார் கையில் இருக்கிறது என்பதுதானே நம் கேள்வி?

இனி இன்றைய படம். டெட்ராய்ட் தொழிற்சாலைகளைப் பற்றி ஒரு பத்திரிகை நிருபர் சாப்ளினிடம் சொல்லியிருந்தார். கட்டுமஸ்தான கிராமத்துப் பிள்ளைகளை வயல்வெளியிலிருந்து ஆசை காட்டிக் கொண்டுவருகிறார்கள். ஓடுகிற பெல்ட்டின் முன்னால் நான்கைந்து ஆண்டு நின்றால் நரம்பு நைந்து போகிறார்கள். அந்தச் செய்தியிலிருந்துதான் இந்தப் படத்தின் எண்ணம் பிறந்தது. நாடோடி இதில் தொழிலாளி; பெல்ட்டில் வரும் நட்டை முடுக்குவது வேலை. முதலாளி தன் அறையில் உட்கார்ந்து, வேகத்தைக் கூட்டு என்று திரை வழியாக உத்தரவு போடுவான். கக்கூஸ் சுவரில்கூட அவன் முகம் வந்து அதட்டும். சாப்பாட்டு நேரத்தை மிச்சம் பிடிக்க, தொழிலாளிக்கு ஊட்டிவிட ஒரு யந்திரம் வரும். கவனித்துப் பாருங்கள்: பேசும் படம் வந்து பல ஆண்டு கழித்து எடுத்த படம், ஆனால் தொழிலாளிகளின் பேச்சு நம் காதில் விழாது. முதலாளியின் குரல் கேட்கும். யந்திரம் விற்க வந்தவனின் பேச்சு கிராமபோன் தட்டிலிருந்து கேட்கும். நாடோடி வாய் திறப்பது கடைசியில், அதுவும் எந்த மொழியிலும் சேராத ஒரு பாட்டு.

இன்னொரு காட்சி. லாரியிலிருந்து ஒரு கொடி கீழே விழும். நாடோடி எடுத்து, உன் கொடி விழுந்துவிட்டது என்று ஆட்டிக்கொண்டே ஓடுவான். பின்னாலேயே வேலையில்லாதவர்களின் ஊர்வலம் வந்து சேரும். போலீஸ் இவன்தான் தலைவன் என்று பிடித்துப் போகும். இந்தப் படத்தை ஹிட்லரின் ஜெர்மனியில் தடை செய்தார்கள்.

ஹிட்லரும் சாப்ளினும் நான்கு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். 1940-ல் 'கிரேட் டிக்டேட்டர்' படத்தில் அவனையே கோமாளியாக்கினார். 1942-ல், சோவியத் நாடு தனியாக அடி தாங்கிக்கொண்டிருந்தபோது, சான்பிரான்சிஸ்கோ கூட்டத்தில் ஏறி, தோழர்களே என்று தொடங்கினார். கூட்டம் சிரித்தது. வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னேன் என்றார். இரண்டாவது போர்முனையைத் திறக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். அவர் கட்சிக்காரர் அல்ல. எந்தக் கட்சியிலும் சேர்ந்ததில்லை என்று அவரே பலமுறை சொன்னார். நாமும் அவர் மேல் சிவப்புச் சாயம் பூச வேண்டாம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு அவர் விலை கொடுத்தார். அமெரிக்க உளவுத்துறை அவரைப் பற்றி ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதி வைத்தது. 1947-ல் ஹான்ஸ் ஐஸ்லர் என்ற இசைக்கலைஞரைக் கம்யூனிஸ்ட் என்று நாடு கடத்தப் பார்த்தபோது, பயந்து ஒதுங்காமல், பிரெஞ்சுக் கலைஞர்களைக் கண்டனம் செய்யச் சொல்லி ஓவியர் பிக்காசோவுக்குத் தந்தி கொடுத்தார்.

1952 செப்டம்பரில் 'லைம்லைட்' பட வெளியீட்டுக்காக மனைவி மக்களோடு லண்டனுக்குக் கப்பலேறினார். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது, அவர் திரும்பி வரும் அனுமதியை அமெரிக்க சர்க்கார் ரத்துச் செய்தது. நாற்பது ஆண்டு உழைத்த நாடு! மனைவி ஊனா தனியாகத் திரும்பிப் போய்ச் சொத்தை மீட்டுவந்தார். சாப்ளின் விசாரணைக்குப் போய்க் கைகட்டி நிற்கவில்லை. அனுமதிச் சீட்டை 1953-ல் தாமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்விட்ஸர்லாந்தில் வேவே என்ற ஊர்ப் பக்கம் குடியேறினார். 1954-ல் உலக சமாதான கவுன்சிலின் பரிசை வாங்கிக்கொண்டார். அமெரிக்கா அவரை மறுபடி கூப்பிட்டுக் கௌரவ ஆஸ்கார் கொடுத்தது 1972-ல். அப்போது அவருக்கு வயது 82. 1977 டிசம்பர் 25-ல் காலமானார்.

கடைசியாக ஒன்று. அவர் சிறுவனாக இருந்தபோது, வீட்டுப் பக்கத்துக் கசாப்புத் தொட்டியிலிருந்து ஓர் ஆடு தப்பி ஓடியது. பிடிக்கப் போனவர்கள் விழுந்து புரண்டார்கள். தெருவே சிரித்தது, பையனும் சிரித்தான். ஆட்டைப் பிடித்துத் திரும்ப இழுத்துப் போனபோதுதான் அதற்கு என்ன நடக்கப் போகிறது என்று புரிந்தது. அதைக் கொல்லப் போகிறார்கள் என்று அழுதுகொண்டே தாயிடம் ஓடினான். இன்றைய படம் எதில் தொடங்குகிறது தெரியுமா? முட்டி மோதிப் போகும் ஓர் ஆட்டு மந்தையில். அடுத்த காட்சி, ஆலைக்குள் போகும் தொழிலாளிகள். மந்தையின் நடுவில் ஒரே ஒரு கறுப்பு ஆடு இருக்கும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்கட்டும்.

வாசலில் லாரிச் சத்தம் கேட்கிறது. விவசாயத் தோழர்கள் வந்துவிட்டார்கள். முன்னால் இருப்பவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து இடம் விடுங்கள். அவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுங்கள். திரையில் ஆங்கில எழுத்து வரும் இடங்களில் நம் தோழர் உரக்கப் படித்துத் தமிழில் சொல்வார். விளக்கை அணைக்கலாம்.