பழுப்புச் சாயலுக்கு ஏற்ற டெவலப்பர்

கறுப்பு வெள்ளைப் படம் என்று சொன்னாலும் எல்லாப் படங்களிலும் கறுப்பு ஒன்றுபோல இருப்பதில்லை. ஒரு பிரிண்டில் நிழல் பகுதி நீலம் ஓடிய மைக்கறுப்பாக நிற்கும். இன்னொன்றில் அதே நிழல் வறுத்த காப்பிக்கொட்டையின் நிறத்தை நெருங்கியிருக்கும். இந்த இரண்டாவது வகைக்கென்றே செய்யப்படுவது வார்ம் டோன் தாள். ஆனால் தாளை வாங்கிவிட்டாலே பழுப்பு வந்துவிடாது. தட்டில் ஊற்றும் டெவலப்பர் அதை வெளிக்கொணரவும் செய்யும், அமுக்கிவிடவும் செய்யும்.

இந்தப் பழுப்பில் சாயம் எதுவும் கலந்திருக்கவில்லை. படத்தில் இருப்பது வெறும் வெள்ளிதான். வெள்ளித் துகள் பெரிதாக வளர்ந்தால் எல்லா ஒளியையும் விழுங்கிக் கறுப்பாகத் தெரியும். மிக நுண்ணியதாக நின்றுவிட்டால் நீல ஒளியைக் கூடுதலாக விழுங்கும். அப்போது கண்ணுக்குத் தெரிவது பழுப்பு. வார்ம் டோன் தாளில் சில்வர் குளோரைடும் சில்வர் புரோமைடும் சேர்ந்த நுண்துகள்கள் இருக்கின்றன. அவற்றை நிதானமாக, அதிகம் வளரவிடாமல் வெள்ளியாக்குவதே நல்ல வார்ம் டோன் டெவலப்பரின் வேலை.

இதை விளங்கிக்கொள்ள கோடாக் நிறுவனத்தின் இரண்டு பழைய சூத்திரங்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும். டி-72 நடுநிலைக் கறுப்பு தருவது. அதன் மூலக்கரைசலில் லிட்டருக்கு மெட்டால் 3 கிராம், ஹைட்ரோகுவினோன் 12 கிராம், சோடியம் கார்பனேட் 80 கிராம், பொட்டாசியம் புரோமைடு 2 கிராம். டி-52 வார்ம் டோன் தாளுக்கானது. அதில் மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் சரிபாதி: ஒன்றரை கிராம், 6 கிராம். கார்பனேட்டோ ஏறத்தாழ 17 கிராம்தான், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் புரோமைடு பாதியாகக் குறையவில்லை. ஒன்றரை கிராம் இருக்கிறது. மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் உருவத்தை வெளிக்கொணரும் பொருட்கள். கார்பனேட் என்பது டெவலப்பரை முடுக்கும் காரம். புரோமைடு அதற்குக் கடிவாளம். முடுக்கத்தைக் குறைத்துக் கடிவாளத்தை இறுக்கினால் துகள் சிறிதாக நின்று பழுப்பு மேலோங்கும். வார்ம் டோன் டெவலப்பர்கள் பலவற்றின் அடிப்படையும் இதுதான்.

கைவசம் நடுநிலை டெவலப்பர் மட்டுமே இருந்தாலும் அதைப் பழுப்பின் பக்கம் திருப்ப முடியும். 10 சதவீதப் பொட்டாசியம் புரோமைடுக் கரைசலில் 10 மில்லி எடுத்து ஒரு லிட்டர் டெவலப்பரில் கலந்தால் 1 கிராம் புரோமைடு கூடும். உருவம் தாமதமாகத் தோன்றும். என்லார்ஜரில் ஒளிபடும் நேரத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். ஆசைப்பட்டு மேலும் மேலும் சேர்த்தால் பழுப்பு போய் ஒரு பச்சை படியும். அது பார்க்க நன்றாக இருக்காது. பென்சோட்ரையசோல் என்ற இன்னொரு தடுப்புப் பொருள் நேர் எதிர்த் திசையில் வேலை செய்கிறது: படத்தை நீலத்தின் பக்கம் தள்ளும். ஃபெனிடோன் அடிப்படையிலான டெவலப்பர்களில் இது சேர்க்கப்படுவது வழக்கம். ஆகவே வார்ம் டோன் தாளுக்கு டெவலப்பர் வாங்குபவர், பொருள் பட்டியலில் பென்சோட்ரையசோல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது ஒரு வழியும் உண்டு: கிளைசின். புரதத்தில் உள்ள அமினோ அமிலத்துக்கும் இதே பெயர் என்றாலும் போட்டோ கிளைசின் வேறு வேதிப்பொருள். ஆன்ஸ்கோ 130 என்ற சூத்திரத்தில் லிட்டருக்கு 11 கிராம் கிளைசின், மெட்டாலோடும் ஹைட்ரோகுவினோனோடும் சேர்கிறது. புரோமைடும் ஐந்தரை கிராம் இருக்கிறது. நடுத்தர நிறங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நழுவிச் செல்லும் அழகுக்காக இதை விரும்புகிறவர்கள் பலர். கரைசல் நெடுநாள் கெடாது. தூளாக வைத்திருந்தால்தான் பழுத்துக் கெட்டுப்போகும். எனவே புதிய தூளாக வாங்கி உடனே கரைத்து வைப்பதே முறை.

டெவலப்பரைத் தேர்ந்த பிறகும் அதைக் கையாளும் விதத்தில் நிறம் மாறும். கூடுதலாக நீர் சேர்த்து, ஒளிபடும் நேரத்தை நீட்டினால் பழுப்பு கூடுகிறது. படம் பழுப்பாக இருக்கும்போதே தட்டிலிருந்து பறித்து எடுப்பது பலருக்கும் தோன்றும் குறுக்குவழி. அது தவறு. கறுப்பு சேராமல் படம் சேறு கலங்கியதுபோல் ஆகிவிடும். நீர்க்க வைத்த டெவலப்பரில் 3 நிமிடமோ அதற்கு மேலோ பொறுமையாக விடுவதுதான் சரி. வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்று பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. அதைவிட முக்கியம், வேலை முடியும்வரை அது மாறாமல் இருப்பது. ஒவ்வொரு தாளும் டெவலப்பரில் சிறிது புரோமைடை விட்டுச் செல்வதால், முதல் பிரிண்டைவிட இருபதாவது பிரிண்ட் பழுப்பாக வரக்கூடும். ஒரே சுவரில் மாட்டும் படங்களானால் கரைசலை இடையில் மாற்றியே ஆக வேண்டும். மெட்டால் சிலர் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் விரலை நனைக்காமல் இடுக்கியோ கையுறையோ பயன்படுத்த வேண்டும்.

எது பொருந்தும் என்பதைச் சோதனைதான் சொல்லும். ஒரு நெகட்டிவிலிருந்து ஒரே தாளின் துண்டுகளை வெவ்வேறு டெவலப்பரில் போட்டு, கழுவி, முழுக்க உலர்த்திய பின்னரே ஒப்பிட வேண்டும். ஈரத்தில் தெரியும் நிறம் உலர்ந்ததும் நிலைப்பதில்லை. பார்க்கும் வெளிச்சமும் படம் மாட்டப்போகும் இடத்தின் வெளிச்சமாக இருக்க வேண்டும். மஞ்சள் பல்பின் கீழ் எல்லாமே பழுப்புதான். பிறகு செலீனியம் டோனரில் போடும் எண்ணம் இருந்தால், சோதனைத் துண்டையும் அதில் போட்டுப் பார்க்க வேண்டும். வார்ம் டோன் தாள் செலீனியத்தில் விரைவாகச் சிவப்பேறும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு டி-52 போன்ற மென்மையான டெவலப்பர் ஒன்றும், 10 சதவீதப் புரோமைடுக் கரைசல் ஒரு புட்டியும் போதும். கிளைசினுக்குச் செலவழிப்பதை, ஒரு பெட்டித் தாளை முழுதாகப் போட்டுப் பார்த்த பிறகு யோசிக்கலாம்.